நீள வீட்டில் வைஃபைக்குத் தனித்தடம்: கல்லிடைக்குறிச்சி அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெரு வீடுகளுக்கு அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். திண்ணை, தார்சா என்கிற முன்னறை, பட்டாசல் என்கிற கூடம், முற்றம், அதைத் தாண்டி அடுக்களையும் ரெண்டாங்கட்டும், கடைசியில் கிணறும் தென்னையுமாகப் புறவாசல். குறுக்கே வருகிற சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து தார்சாவுக்கு வருகிறது. நான் வேலை பார்ப்பதோ ரெண்டாங்கட்டுக்கு மேலே இருக்கிற மச்சில், அதாவது மரத்தளம் போட்ட மாடியில்.

சென்னையில் இருக்கிற ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை. நாள் முழுக்க, அவர்கள் சர்வரை இங்கேயிருந்தே திரையில் இயக்குகிற ரிமோட் டெஸ்க்டாப்பில் இருக்க வேண்டும். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கெடு; அன்றைக்கு இணைப்பு இழுத்து இழுத்து நின்றால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். தார்சாவில் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 95 வரைக்கும் வந்தது. மச்சில் நல்ல நேரத்தில் 6, மற்ற நேரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். “உள்ளே ஒரு எக்ஸ்டெண்டர் மாட்டுங்கக்கா, சரியாப் போயிரும்” என்றார் ஃபைபர் போட வந்த தம்பி. ரூட்டரின் சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்புகிற பெட்டி அது. மாட்டினோம். 6 என்பது 20 ஆனது. ஆனால் வீடியோ காலில் குரல் வெட்டி வெட்டி வருவது போகவில்லை. மச்சிலிருந்து ரூட்டருக்குப் பிங் போட்டு, அதாவது ஒரு சின்னத் தகவல் போய் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் ஒரு சமயம் 4 மில்லிசெகண்ட், அடுத்த சமயம் 180.

சாதாரண எக்ஸ்டெண்டரின் இயல்பே அப்படித்தான். வைஃபை ரேடியோ ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. வாசலில் வந்தவர் சொல்வதைக் கேட்டு, அடுக்களைக்கு நடந்து போய்த் திரும்பச் சொல்கிற ஆள் போலத்தான் அதன் வேலை. அங்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது இங்கே வாசலில் பேசுவது காதில் விழாது. ஒவ்வொரு தகவல் துண்டும் (பாக்கெட்) காற்றில் இரண்டு தடவை போவதால் வேகம் பாதியாகிவிடும், காத்திருப்பும் கூடும். அதற்கு மேல் பட்டாசலில் டிவி, மாமாவின் ஃபோன், அத்தையின் டேப்லெட் எல்லாம் அதே ரேடியோவில் முறை கேட்டு நிற்கும்.

லேன் கேபிள் இழுக்க முடிகிற வீடு என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், இழுத்துவிடுங்கள். அதற்கு நிகர் கிடையாது. எங்களுக்கு வழி இல்லை. உள்ளே கொண்டுபோக வேண்டுமென்றால் காரைச் சுவர்களைத் துளைக்க வேண்டும், மாமா சம்மதிக்கவில்லை. ஓட்டுக்கு மேலே கொண்டுபோகலாம் என்றால் குரங்குகள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய பயம் ஐப்பசி இடி. வெளியே நீளமாகக் கிடக்கிற செப்புக் கம்பியில், பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலும் மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு பக்கமும் போர்ட்டைக் கருக்கிவிடும். ஆகவே கம்பியில்லாமல்தான், ஆனால் ரூட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் மட்டுமேயான ஒரு தடமாக, அதாவது டெடிகேட்டட் பேக்ஹாலாகப் போடுவது என்று முடிவெடுத்தேன்.

வைஃபை பெரும்பாலும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டில், அதாவது அலைவரிசைத் தொகுப்பில். தனித்தடம் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, டிரை-பேண்ட் கருவிகள்: ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவோடு இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் இருக்கும், அதில் ஒன்றைப் பேக்ஹாலுக்கென்று ஒதுக்கிவிடலாம். வசதிதான், விலை அதிகம். இன்னொன்று, கையில் இருக்கிற டூயல்-பேண்ட் கருவிகளிலேயே 5 கிகாஹெர்ட்ஸை முழுக்கப் பேக்ஹாலுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் 2.4-இல் ஓட விடுவது. டிபி-லிங்க் எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் இது ‘ஹை ஸ்பீட் மோட்’ என்ற பெயரில் இருக்கும், நெட்கியரில் ‘ஃபாஸ்ட்லேன்’. வாங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவில் போட்டிருக்கிற வேக எண்ணைவிட இதுதான் முக்கியம். நான் இரண்டாவது வழியில் போனேன்.

எக்ஸ்டெண்டரில் அந்த மோடைப் போடுவது பாதி வேலைதான். ரூட்டர் பக்கமும் 5 கிகாஹெர்ட்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’டை நிறுத்தினேன். அது ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு பேண்டும் ஒரே பெயரில் வரும், எந்த ஃபோன் எதில் ஏறும் என்பது நம் கையில் இருக்காது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயரும் நீளமான வேறு கடவுச்சொல்லும் வைத்து, எக்ஸ்டெண்டருக்கு மட்டும் கொடுத்தேன். வீட்டில் வேறு யாருக்கும் அது தேவையில்லை. தானாக இணைத்துவிடுகிற டபிள்யூபிஎஸ் பட்டனை அமுக்காமல், எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்து இணைத்தேன். எந்த பேண்டில் இணைகிறது என்று நாமே பார்த்துச் செய்ய இதுதான் வழி. டிவியை ரூட்டரின் லேன் போர்ட்டில் கேபிள் போட்டுச் சொருகியாயிற்று. நகராத சாமானை வைஃபையில் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. எக்ஸ்டெண்டருக்கு ரூட்டரில் ஒரு ஐபி முகவரியையும் நிலையாக ஒதுக்கி வைத்தேன், பின்னால் தேடி அலைய வேண்டாம் என்று.

இதையெல்லாம் ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம். உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது எக்ஸ்டெண்டரை வைக்கிற இடம்.

எல்லோரும் வைஃபை எட்டாத இடத்தில் கொண்டுபோய் எக்ஸ்டெண்டரை மாட்டுவார்கள். அங்கே ரூட்டரின் சிக்னலே எட்டாதபோது அது எதை எடுத்துக் கொடுக்கும்? மச்சில் வைத்தபோது எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கம் மைனஸ் 79 டிபிஎம் காட்டியது; டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு. பேக்ஹாலுக்கு மைனஸ் 60 அல்லது அதைவிட நல்லதாக வேண்டும். இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. மைனஸ் 79-க்கும் மைனஸ் 60-க்கும் நடுவே ஏறக்குறைய எண்பது மடங்கு வித்தியாசம். அடுக்களைச் சுவரில் வைத்தால் மைனஸ் 72. அதுவும் போதாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் கனமான சுவரைக் கண்டால் 2.4-ஐவிடச் சீக்கிரம் களைத்துவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது வீட்டின் நேர்வாசல். பழைய வீடுகளில் தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் வரைக்கும் நிலைகள் ஒரே கோட்டில் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற பாதை ரேடியோவுக்கும் பாதைதான். ஃபைபர் பெட்டி தார்சா மூலையில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதிலிருந்து ஐந்து மீட்டர் லேன் கேபிள் போட்டு ரூட்டரை மட்டும் நிலைக்கு எதிரே, வாசல் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். எக்ஸ்டெண்டரை முற்றத்தைத் தாண்டி, ரெண்டாங்கட்டு வாசலை ஒட்டிய தூணில் வைத்தோம். ஏறக்குறைய இருபது மீட்டர், நடுவில் ஒரு சுவர்கூட இல்லை.

நடுவில் இருந்தது அத்தையின் இரும்பு பீரோ. பட்டாசல் நிலையை ஒட்டி, கோட்டுக்குள் பாதி நீட்டிக்கொண்டு நின்றது, கண்ணாடிக் கதவோடு. இரும்பும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற உலோகப் பூச்சும் அலையைத் திருப்பி அடித்துவிடும். “ஏளா, எங்க அம்மை சீர் குடுத்த பீரோவா உன் நெட்டை மறிக்கு?” என்று அத்தை கேட்டாள். ஃபோனில் எண் ஓடுவதைக் காட்டினேன். பீரோ முன்னால் மைனஸ் 66, நான்கு எட்டு தள்ளி நின்றால் மைனஸ் 57. அத்தை இரண்டு இடத்திலும் தானே நின்று பார்த்தாள். “நாளைக்கு வெள்ளிக்கிழமை, நகட்டக் கூடாது. இப்பவே நகட்டுங்க” என்று சொல்லி, உள்ளே இருந்த பட்டுப்புடவைகளை அவளே எடுத்து அடுக்கினாள். பீரோ எதிர்ச் சுவருக்குப் போனது. அத்தை அப்படி நின்று கொடுக்காவிட்டால் இந்த வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

அலை ஒரு நூல் மாதிரி நேராகப் போவதில்லை, வயிறு பெருத்துப் போகும். இந்தத் தூரத்துக்கு, இந்த அலைவரிசைக்கு, நடுப்பகுதியில் கோட்டைச் சுற்றி அரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும்; ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். சாரல் காலத்தில் அதை நேரிலேயே பார்த்தேன். ஆனி, ஆடியில் வெளியே துணி காயாது, முற்றத்து ஓரத்துக் கொடியில்தான் போடுவோம். மாமாவின் எட்டு முழ வேஷ்டி பிழிந்து போட்ட ஈரத்தோடு சரியாகப் பாதைக்குக் குறுக்கே தொங்கும்போது மைனஸ் 57 என்பது மைனஸ் 63-க்கு இறங்கியது. வேஷ்டி காயக் காய எண் மெல்ல ஏறி வந்தது. தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். காய்ந்த துணி ஒன்றும் செய்யாது. கொடியை அடுத்த இரண்டு தூண்களுக்கு மாற்றிக் கட்டியதும் சரியாயிற்று. இரவில் தேக்குக் கதவைச் சாத்தினால் மூன்று, நான்கு குறைகிறது, பரவாயில்லை.

சேனலை, அதாவது பேண்டுக்குள் ரூட்டர் பேசுகிற எண்ணிட்ட இடத்தை, ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். சுவரோடு சுவராக வீடுகள் இருக்கிற தெரு. வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் 36-இல் கூடிக் கிடந்தன. இந்தியாவில் 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நிறைய இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள், அதனால் சேனலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 52 முதல் 144 வரைக்கும் உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்வது. அங்கே போனால் ரூட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசத் தொடங்கும், ரேடார் என்று சந்தேகம் வந்தால் உடனே இடத்தைக் காலி செய்யும். வேலை நடுவே பேக்ஹால் அப்படி எழுந்து போனால் தாங்காது. காலியாக இருந்த 149-ஐ நிலையாக வைத்தேன்.

சேனல் அகலத்தையும் 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40-க்குக் குறைத்தேன். குறைத்தால் வேகம் போய்விடுமே என்று கேட்பார்கள். இரண்டு ஆன்டெனா உள்ள 802.11ஏசி (வைஃபை 5) வகைக் கருவிக்கு 80-இல் இணைப்பு வேகம் 867 எம்பிபிஎஸ் வரை, 40-இல் 400 வரை. அதில் பாதிதான் உண்மையில் கைக்கு வரும் என்றாலும் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 40 தாராளம். அகலம் பாதியானால் உள்ளே வருகிற இரைச்சலும் பாதியாகும், அதாவது 3 டெசிபல் லாபம். மழை நாளில் அந்த மூன்று ரொம்பப் பெரிது.

மச்சுக்கு வருகிறேன். எக்ஸ்டெண்டருக்கு நேர் மேலேதான் மச்சு, இடையில் மரப் பலகைதான். அதனால் 2.4 அங்கே நன்றாகவே கிடைக்கிறது, ஃபோனில் 35 வரைக்கும். மச்சுக்காக எக்ஸ்டெண்டரின் ஓர் ஆன்டெனாவை மட்டும் படுக்க வைத்தேன். நிமிர்ந்து நிற்கிற ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும், தலைக்கு மேலே கொஞ்சம்தான். ஆனால் என் லேப்டாப்பை வைஃபையில் இணைக்கவே இல்லை. எக்ஸ்டெண்டரின் லேன் போர்ட்டிலிருந்து மரப்படி ஓரமாகக் கேபிளைக் கொண்டுபோய் லேப்டாப்பில் சொருகியிருக்கிறேன். இப்போது லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையில் காற்றில் போவது ஒரே ஒரு தடவை, அதுவும் யாரும் குறுக்கே வராத தடத்தில். வேகம் 90-ஐத் தாண்டுகிறது. ரூட்டருக்குப் பிங் 2, 3 என்று அசையாமல் நிற்கிறது. எனக்கு 90-ஐவிட அந்த 2, 3-தான் சந்தோஷம். ரிமோட் டெஸ்க்டாப்பில் எழுத்து அடித்ததும் திரையில் விழுகிறது. இவ்வளவு செய்பவர்கள் இந்தக் கடைசிக் கேபிளையும் போட்டுவிட வேண்டும்.

கரண்ட் விஷயமும் உண்டு. சுவரில் நேராகச் சொருகுகிற எக்ஸ்டெண்டருக்கு 230 வோல்ட் வேண்டும், ரூட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் அதற்கு உதவாது. தூணருகே பிளக் பாயிண்டும் கிடையாது. வயர்மேனை அழைத்து இன்வெர்ட்டர் லைனிலிருந்து தனியாக இழுத்து ஒரு பாயிண்ட் போட்டோம், சாரல் தெறிக்காத உட்பக்கமாக. அடாப்டரில் ஓடும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கடவுச்சொல்லையோ பெயரையோ எப்போது மாற்றினாலும் எக்ஸ்டெண்டரில் முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் ரூட்டருக்கு வாருங்கள். ரூட்டரை முதலில் மாற்றினால் தடம் அறுந்துவிடும், தூணடியில் நின்று எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

எதிர்வீட்டு மதினியின் மகன் பெங்களூர் வேலையை இங்கேயிருந்தே பார்க்கிறான், அவனும் இதே மாதிரி போட்டுக்கொண்டான். நாங்கள் 149-இல் இருப்பதால் அவனுக்கு 36-லேயே, ஆனால் 40 மெகாஹெர்ட்ஸோடு வைத்தோம். 2.4-இல் தெரு முழுக்க 1, 6, 11 என்று மாற்றி மாற்றி வைத்தால் இடிக்காது. வலது பக்கத்து வீடு 1, நாங்கள் 6, இடது பக்கம் 11 என்று மூன்று வீட்டுக்காரர்கள் பேசி முடித்திருக்கிறோம். நான்காவது வீட்டுப் பெரியவர் ரூட்டர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் அங்கே மறுபடி 1.