அப்பத்தாவின் பெட்டியும் பச்சை பெயின்டும்

சிவகங்கைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது அப்பத்தாவின் மரப்பெட்டியை நான் கேட்டு வாங்கினேன். மூன்றரை அடி நீளத் தேக்குப் பெட்டி, அடியில் நாலு மரச்சக்கரம், உள்ளே ஓரமாகச் சில்லறை போட்டுவைக்க மூடியோடு ஒரு சின்ன அறை. அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தது. என்றைக்கோ ஒரு விசேஷத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு இதற்கும் பச்சை எனாமல் அடித்துவிட்டிருந்தார்கள்.

விற்கும் எண்ணமே இல்லை. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தனக்கு அனுப்பச் சொன்னார், அதனால்தான் வயதையும் மதிப்பையும் விசாரிக்கக் கிளம்பினேன். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்தைத் தாண்டிய இந்த மாதிரி கைவேலைப் பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

உள்ளூரில் ஒருவர் பழைய மரக் கணக்கில் ஆறாயிரம் என்றார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவருக்குப் போட்டோ காட்டினேன், நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று வந்தே பார்த்தார். பச்சையைப் பார்க்கவே இல்லை, பெட்டியைக் கவிழ்க்கச் சொல்லி அடிப்பலகையைத் தடவினார். கையால் அறுத்த ரம்பத் தடம், கொல்லர் அடித்த கோணல்மாணல் தலை ஆணி, மாற்றாத கீல், பழைய பூட்டு. "நூறைத் தாண்டினதுதான், இப்படியே முப்பத்தஞ்சாயிரத்துக்கு எடுத்துக்கிறேன். மிஷின் வெச்சு மட்டும் தேய்ச்சிடாதீங்க தம்பி, அப்புறம் இது புதுப்பெட்டி" என்றார். அண்ணனிடம் சொன்னேன், சரி நீயே வை என்றுவிட்டார்.

பெயின்டை மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு பாலிஷ் பட்டறையில் விட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனால் பின்பலகை முழுக்க மிஷின் ஓட்டியிருந்தார்கள். ரம்பத் தடம் போய், அத்தனை வருடம் கறுத்த நிறமும் போய், நேற்று இழைத்த பலகை மாதிரி வெளுத்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

மிச்சத்தை நானே செய்தேன், இரண்டு மாதம் ஆனது. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் (வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது), அதனால் காய்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. மொட்டைமாடியில், கையுறை போட்டு, பெயின்ட் ரிமூவரைச் சாண் அளவு இடத்தில் தடவி, பொங்கியதும் மூங்கில் சிம்பால் வழித்தேன். பச்சைக்குக் கீழே பளபளவென்று ஒரு பூச்சு தெரிந்தது. மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் பிசுபிசுத்தது. ஸ்பிரிட்டில் கரைகிறது என்றால் அது அரக்கு (ஷெல்லாக்) பாலிஷ். மேலேயே திரும்ப அரக்கு ஏற்றலாம், சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில், ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, நிறுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும், ஒரே இடத்தில் கை நின்றால் தழும்பு விழுந்துவிடும். மெல்லிசாக எட்டுத் தடவை. ஐப்பசி மழையில் ஒரு நாள் அவசரப்பட்டேன், ஈரக்காற்றில் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிட்டது. வெயில் வந்ததும் வெறும் ஸ்பிரிட்டை லேசாக ஓட்டினேன், தெளிந்தது.

வைரம் பாய்ந்த பலகையில் பூச்சி ஏறவில்லை, அடிப்பலகையின் வெளுத்த ஓரத்தில் மட்டும் துளைகள். சிரிஞ்சில் மருந்து விட்டு மெழுகால் அடைத்தேன். உள்பக்கம் எதுவும் பூசவில்லை. துடைத்ததோடு சரி, திறந்தால் இன்னும் அப்பத்தா போட்டுவைத்த வசம்பு வாசம்தான்.

பின்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். சாவி எப்போதோ தொலைந்துவிட்டது, பூட்டை மாற்ற மனம் வரவில்லை. திண்டுக்கல்லில் பழைய பூட்டு வேலை செய்கிறவர் ஒருவர், பூட்டைக் கழற்றாமல் சாவி மட்டும் செய்துதருவதாகச் சொல்லித் தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.