தம்புராவுக்குப் பின்னால் கேட்ட இரைச்சல்

இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பது என் நெடுநாளைய வழக்கம். பாடகர் வாய் திறப்பதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த அரை நிமிடத்தில், சென்ற ஆண்டு ஒரு நாள், அதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்றும் மெலிதாகச் சேர்ந்து கேட்பதைக் கவனித்தேன். பதிவிலேயே உள்ள இரைச்சல் என்று முதலில் விட்டுவிட்டேன். பின்னர் ஏதோ ஒரு வலைப்பக்கத்தை மவுஸால் மேலும் கீழும் உருட்டியபோது, உருட்டும் வேகத்துக்கு ஏற்றாற்போல் அந்த ஒலியும் 'கிர்ர்... கிர்ர்' என்று கூடிக் குறைந்தது. விரல் நின்றதும் அதுவும் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதிவான கச்சேரிக்கு என் மவுஸ் நகர்வது எப்படித் தெரியும்?

வெளியே செருகும் சவுண்ட் கார்டு எதையாவது வாங்குவதற்கு முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதே ஹெட்போனைக் கைபேசியில் செருகி அதே பதிவைக் கேட்டேன். தம்புரா மட்டும்தான் கேட்டது. ஆக, ஹெட்போனும் பதிவும் குற்றமற்றவை. பிறகு மடிக்கணினியில் எதையும் ஒலிக்கவிடாமல் ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுக்கவிட்டேன். நகலெடுக்கும் வரை பூச்சி ரீங்கரிப்பது போல் ஓர் ஒலி. கடைசியாகச் சார்ஜரைப் பிடுங்கினேன். அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருந்த 'உம்ம்' என்னும் முனகல் அக்கணமே அடங்கியது, ஆனால் மவுஸை உருட்டும்போது வரும் கிறீச்சொலி அப்படியே இருந்தது. இரண்டு இரைச்சல்கள், இரண்டு காரணங்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

மடிக்கணினிக்குள் இருக்கும் ஒலிப் பகுதி என்பது தாய்ப்பலகையின் ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் விரல்நகம் அளவுள்ள ஒரு சிப்தான். எண்களாக வரும் இசையை மின்னழுத்த ஏற்ற இறக்கங்களாக மாற்றுவதும் அவற்றை ஹெட்போனுக்குத் தேவையான அளவுக்குப் பெருக்குவதும் அதன் வேலை. எண்களாக இருக்கும்வரை இசையை எதுவும் கெடுப்பதில்லை. மின்னழுத்தமாக மாறிய பின்புதான் அது அக்கம்பக்கத்துச் சத்தங்களுக்கெல்லாம் காது கொடுக்கத் தொடங்குகிறது. அந்தப் பலகையிலோ, பிராசசருக்கும் திரைக்கும் மின்சாரம் பங்கிடும் சுற்றுகள் வினாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடிக்கொண்டே இருக்கின்றன. மவுஸை உருட்டினால் திரையை மீண்டும் மீண்டும் வரைய வேண்டியிருப்பதால் மின்சாரத்தின் தேவை துள்ளுகிறது, அந்தத் துள்ளல் ஒலிச் சுற்றுக்குள் கசிகிறது. சந்தை நடுவில் உட்கார்ந்து சுருதி சேர்ப்பதைப் போன்றது இது. சிப் மட்டமானது என்று சொல்லிவிட முடியாது, அதை உட்கார வைத்த இடம் அப்படி. வெளிப்புறச் சவுண்ட் கார்டு செய்யும் முதன்மையான உதவியும் இந்த இடமாற்றம்தான்: யுஎஸ்பி வழியாக எண்களை மட்டும் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, மின்னழுத்தமாக மாற்றும் வேலையைச் சந்தைக்கு வெளியே செய்கிறது.

'கார்டு' என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட காலத்தில் அது உண்மையிலேயே ஓர் அட்டை. மேசைக்கணினியின் மூடியைத் திறந்து உள்ளே செருகித் திருகாணி போட வேண்டும். இன்று கடையில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் கட்டைவிரல் அளவுள்ள ஒரு குச்சியையோ, இரண்டு அங்குல ஒயரையோதான் எடுத்து நீட்டுவார்கள்.

நான் முதலில் வாங்கியது, இணையக் கடை ஒன்றில் இருநூறு ரூபாய்க்குக் கிடைத்த ஒரு குச்சி. அதன் மேல் '7.1 சரவுண்ட்' என்று பொன்னிற எழுத்தில் பொறித்திருந்தது. ஹெட்போன் செருகும் துளை ஒன்று, மைக் துளை ஒன்று, அவ்வளவுதான். இடம், வலம் என இரண்டே சேனல்கள் வெளியே வரும் துளையில் '7.1' சொல்லும் எட்டுச் சேனல்கள் எங்கிருந்து வரும் என்று கேட்டால், மென்பொருள் செய்யும் எதிரொலி வித்தைதான் அதற்கு விடை. மவுஸின் கிறீச்சொலி போய்விட்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகச் 'ஸ்ஸ்ஸ்' என்று மழைத்தூறல் போன்ற இரைச்சல் ஒன்று வந்து குடியேறியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் ஒலித்தது. மட்டமான இடத்திலிருந்த நல்ல சிப்பை விட்டு, நல்ல இடத்திலிருந்த மட்டமான சிப்புக்கு மாறியிருந்தேன்.

இரண்டாம் முறை வாங்கியபோது பெட்டியின் மேலுள்ள பெரிய எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். 1982இல் வந்த குறுந்தகடு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில்தான் இசையைப் பதிந்துவைக்கிறது. வினாடிக்கு 44,100 முறை அளந்தால் அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத் திரும்பப் பெறலாம். மனிதக் காதோ நல்ல இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை, என் வயதில் அதிலும் கணிசமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 16 பிட் தரும் ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியும் ஒரு கச்சேரிக்குத் தாராளம். பதிவு செய்பவர்களுக்கு 24 பிட் பயன்படும். கேட்பவருக்கு அதற்கு மேலுள்ள எண்கள் விலையை ஏற்றத்தான் பயன்படுகின்றன என்பது என் கருத்து.

உண்மையில் பார்க்க வேண்டியது, பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடப்படாத ஓர் எண்: கார்டின் வெளியீட்டு மின்தடை. ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அது போகக்கூடாது என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. என்னுடையது 32 ஓம் ஹெட்போன். ஆகவே 4 ஓமுக்குள் இருக்க வேண்டும். இது கூடினால் சில அலைவரிசைகள் வீங்கியும் சில ஒடுங்கியும் கேட்கும். இந்தக் கணக்கில், ஆப்பிள் நிறுவனம் டைப்-சி துளைக்காக விற்கும் சின்னஞ்சிறு ஹெட்போன் அடாப்டர் மிக நன்றாகத் தேறுகிறது. பெயர்தான் அடாப்டர்; அதன் நுனியில் முழுமையான ஒரு சவுண்ட் கார்டு ஒளிந்திருக்கிறது. அதைத்தான் வாங்கினேன். அதே தோற்றத்தில் இன்னும் மலிவாக விற்கும் சில அடாப்டர்களுக்குள் சிப்பே கிடையாது. குறிப்பிட்ட சில கைபேசிகள் டைப்-சி துளை வழியாக நேரடியாக அனுப்பும் ஒலியைக் கடத்தும் வெறும் ஒயர்கள் அவை. மடிக்கணினியில் செருகினால் பெரும்பாலும் ஊமையாகத்தான் இருக்கும். உள்ளே 'டாக்' (DAC), அதாவது எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிப், உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும்.

செருகியதும் வேலை முடிந்துவிடவில்லை. விண்டோஸ் சில சமயம் பழைய உள் சிப்புக்கே இசையை அனுப்பிக்கொண்டிருக்கும். சவுண்ட் அமைப்புகளுக்குள் சென்று புதிய கருவியை வெளியீடாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேயே ஒலிக்கு மெருகேற்றுவதாகச் சொல்லும் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுவது உத்தமம்; நான் கேட்ட தொப்பியின் அட்டைப்பெட்டி ஒலியில் பாதி அதன் கைங்கரியம் என்று பிற்பாடு கண்டுபிடித்தேன், அந்த அளவுக்கு இருநூறு ரூபாய்க் குச்சியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. யுஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கென்று பொது நெறிமுறை இருப்பதால் மேக்கும் லினக்ஸும் அவற்றைத் தாமே அடையாளம் கண்டுகொள்ளும். அந்நெறிமுறையின் இரண்டாம் பதிப்பை மட்டும் விண்டோஸ் 10 தன் 2017ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில்தான் ஏற்றுக்கொண்டது.

சார்ஜரின் முனகல் தனிக்கதை. ஹெட்போனில் கேட்கும்போது அது புதிய அடாப்டரில் வரவே இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே அடாப்டரிலிருந்து வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்ததும், முன்பைவிட உரத்த குரலில் திரும்பி வந்தது. மடிக்கணினியின் சார்ஜருக்கு ஒரு பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு வேறு சுவரில் வேறொரு பிளக். இரண்டின் எர்த்தும் ஒலி ஒயர் வழியாகக் கைகோத்து ஒரு வளையமாகிவிட, நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த வளையத்தில் ஊஞ்சலாடுகிறது. யுஎஸ்பி கார்டு உயர்ந்ததானாலும் பெரும்பாலும் எர்த்தை மடிக்கணினியோடு பகிர்ந்துகொள்வதால் இதற்கு அதனிடம் மருந்தில்லை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் முக்கால் பங்கு குறைந்தது. மீதிக்கு, ஒலியை மட்டும் கடத்தி எர்த் இணைப்பைத் துண்டிக்கும், ஒலி ஒயரின் நடுவே வைக்கும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி வைத்தேன். எர்த் முள்ளை உடைத்துவிட்டால் முனகல் போய்விடும் என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் யோசனை சொன்னார். முனகலோடு ஆளும் போய்விடக்கூடும் என்பதால் அதை யாரும் செய்ய வேண்டாம்.

கேட்பதற்கு இது போதும், பதிவதற்குப் போதாது. அப்பாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற முற்பட்டபோதுதான் அது தெரிந்தது. மடிக்கணினியில் இருப்பது மைக்குக்கான நுழைவாயில். சில மில்லிவோல்ட்டுகளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அதற்குள் அதைவிடப் பல மடங்கு வலுவான, கேசட் பிளேயரின் லைன் வெளியீட்டை அனுப்பினால் ஒலி பிளந்துவிடும். அது ஒற்றைச் சேனலும்கூட. அந்த இருநூறு ரூபாய்க் குச்சியிலும் இதே நிலைதான், கூடுதலாக இன்னொரு வம்பும் இருந்தது. லினக்ஸில் ஒலி அளவுகளைச் சரிசெய்யும் ஆல்சாமிக்ஸரைத் திறந்து பார்த்தபோது, 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்' என்ற பொத்தான் எவரும் கேளாமலேயே முடுக்கப்பட்டிருந்தது. பாட்டு ஓயும் இடங்களிலெல்லாம் அது தானாக ஒலியைத் தூக்கிவிட, இரண்டு கிருதிகளுக்கு நடுவே கேசட்டின் சீறல் அலைபோல எழுந்து, அடுத்த கிருதியின் முதல் சொல் விழுந்ததும் பதுங்கியது. பொத்தானை அணைத்தும் ஒற்றைச் சேனல் ஒற்றைச் சேனலாகவே இருந்ததால், சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ நுழைவாயில்கள் உள்ள பெரிங்கர் யுசிஏ202 என்னும் சிறு பெட்டியை வாங்கினேன். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்பதே அதன் உச்சம். கேசட்டின் திறனுக்கு அதுவே தேவைக்கு மேல்.

நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தம் மடிக்கணினியின் ஸ்பீக்கர் தகர டப்பா போல் ஒலிப்பதால் தாமும் ஒரு சவுண்ட் கார்டு வாங்கப் போவதாகச் சொன்னார். வெளிப்புறக் கார்டைச் செருகினால் ஒலி அதன் துளை வழியாக வெளியே போகுமே தவிர, உள்ளிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர் வாங்கச் சொன்னேன். வினாடிக்கு 128 கிலோபிட் அளவுக்கு ஒடுக்கிய எம்பி3 கோப்பில் கழித்துக்கட்டப்பட்ட ஜால்ரா ஒலியையும் எந்தக் கார்டும் மீட்டுத் தராது.

என் அடாப்டரின் ஒரே பலவீனம், ஒயரும் பிளக்கும் சேரும் கழுத்துப் பகுதி. நேராக மடிக்கணினியில் செருகினால் ஹெட்போனின் கனம் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே, அரை அடி நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் அதை மாட்டி, இரண்டு ரப்பர் பேண்டுகளால் திரையின் பின்புறக் கீலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இல்லைதான்.