பொன்னா ஏறிய மலைக்குப் பாப்பாவோடு

இது எங்கள் அத்தையின் வேண்டுதல். குழந்தை பிறந்தால் இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறியே வருகிறோம் என்று எப்போதோ முடிந்து வைத்திருந்தாராம், என்னிடம் சொன்னது போன மாதம்தான். காரிலேயே மலைக்குப் போய்விடலாமே என்று இவர் சொன்னதை அத்தை காதிலேயே வாங்கவில்லை.

சரி, திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் மலைக்குக் கிளம்பினோம். சுமார் 1,200 படி. பௌர்ணமிக் கூட்டம் வேறு. சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன், பணம் கொடுங்கள் என்று ஒருவர் நாகர் வரைக்கும் விடாமல் பின்னாலேயே வந்தார், சாமி பார்க்க வருகிறவர்களை ஏன் இப்படிப் பிடுங்குகிறார்களோ. பாறையில் செதுக்கிய 60 அடி நாகருக்குக் குங்குமம் கொட்டினோம், பாப்பாவின் விரலெல்லாம் சிவப்பு. முழங்கால் வலித்தபோதெல்லாம் அத்தை திருநீலகண்டப் பதிகத்தைச் சொல்லிக்கொண்டே ஏறினார். அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் இங்கேதான் அதைப் பாடினார்.

எனக்கோ வழியெல்லாம் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல்தான். அதன் மேல் பலருக்குக் கோபம், எங்கள் வீட்டிலும் உண்டு, நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அதில் வரும் பிள்ளை இல்லாத பொன்னா, இதே மலை உச்சியில், பிள்ளை வரம் கேட்டுச் சுற்றும் வறடிக்கல்லை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிவரும் இடத்தைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. கல்யாணமாகி ஐந்தாவது வருடம் அது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஒரு வளைகாப்பில், என் முறை வந்தபோது வளையல் தட்டைச் சத்தமில்லாமல் அடுத்தவள் பக்கம் நகர்த்தினார்கள்.

சந்நிதியில் நகருங்கள் நகருங்கள் என்று ஒரே தள்ளல். பாதி வேட்டி, பாதி சேலை, அந்த ஒரே உடம்பில் அப்பனும் அம்மையும். பாப்பா குங்குமக் கையை அம்மை பக்கம் நீட்டினாள். எத்தனை வருடம் இதே சாமியிடம் அழுது கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கேட்க ஒன்றுமே இல்லை, கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. என்னப்பனே, என் அம்மையே! காலடித் தீர்த்தத்தை வாங்கினது, வெளியே வந்தது, எதுவும் சரியாக நினைவில் இல்லை.

இறங்கும்போது அறுபதாம் படியில் விளக்கேற்றினோம், ஒன்று பொன்னாவுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கத் தயங்கினார். நானே தூக்கி அவர் மடியில் வைத்தேன். பாப்பா அவர் கன்னத்தில் சிவப்பாகத் தடவிவிட்டாள். நேரமாகிறது என்று இவர் கூப்பிட்டார்.

“இருக்கட்டும் கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கட்டும்” என்றார் அத்தை.