சூடானால் நிற்கும் வண்டி: கிராங்க் சென்சாரை எப்படிப் பிடிப்பது?

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று அணைகிறது. செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. இப்படி வரும் பெட்ரோல் வண்டிக்குப் பல இடங்களில் முதலில் மாற்றப்படுவது பெட்ரோல் பம்ப். பம்ப் ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் இன்ஜினின் கிராங்க் தண்டு சுழல்கிறது என்ற சிக்னல் கிராங்க் சென்சாரிடமிருந்து கிடைக்காவிட்டால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பம்ப் ரிலேயை ஓரிரு நொடிக்கு மேல் பிடித்து வைக்காது. ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. மூன்றும் ஒன்றாகப் போனால் சந்தேகம் கிராங்க் சென்சார்மேல்தான் விழ வேண்டும்.

ஆறிய வண்டியைச் சோதிப்பது வீண். நின்றுபோன அதே சூட்டில், இசியு தகவலைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, செல்ப் அடித்தபடி ஆர்பிஎம் பாருங்கள். 150 முதல் 250 வரை காட்டினால் சிக்னல் வருகிறது, வேறிடம் தேடலாம். சைபர் என்றால் சென்சாரோ வயரிங்கோ. ஸ்கேனரில் வரும் பி0335 (P0335) என்ற கோளாறுக் கோடு சொல்வதும் அவ்வளவுதான்: சர்க்யூட்டில் கோளாறு. சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை!

இரண்டு வயர் சென்சார் என்றால் உள்ளே இருப்பது காயில். கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றி, மீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் பெரும்பாலும் சில நூறு ஓம்ஸ் வரும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சூட்டில் மட்டும் மீட்டர் ஓபன் காட்டினால் காயில் உள்ளே விட்டுவிட்டது, மாற்றிவிடலாம். எந்தப் பின்னும் பாடியோடு எர்த் ஆகக் கூடாது. அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ப் அடியுங்கள். சில நூறு மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். வேகம் குறைந்தால் இந்த வோல்ட்டேஜும் குறையும், அதனால் பேட்டரி இறங்கியிருந்தால் நல்ல சென்சாரும் கெட்டதாகத் தெரியும்.

காயிலுக்குப் பதில் உள்ளே மின்னணுச் சுற்று இருக்கும் மூன்று வயர் ஹால் சென்சாரில் ஓம்ஸ் பார்க்கவே வேண்டாம். எதுவும் தெரியாது, சென்சார் கெடவும் கூடும். கப்ளரைக் கழற்றி, இக்னிஷன் ஆன் செய்து, வயரிங் பக்கம் பாருங்கள்: சப்ளை 5 அல்லது 12 வோல்ட், ஒரு நல்ல எர்த், சிக்னல் வயரில் பெரும்பாலும் இசியு அனுப்பும் 5 வோல்ட். மூன்றும் இருந்தால் கப்ளரை மாட்டி, பின்பக்கமாகச் சிக்னல் வயரில் மீட்டரை வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். 0, 5 என்று மாறி மாறி வர வேண்டும். அதற்குமுன் இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் கப்ளர்களைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கைக்கு ஆபத்து.

புதுசு வாங்குமுன் பழையதைக் கழற்றி முனையைப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைத்தாலே போதும். கிளட்ச் வேலைக்குப் பிறகு பி0336 (கிராங்க் சிக்னல் சீராக இல்லை என்ற கோடு) வந்தால், கிராங்கோடு சுழன்று சென்சாருக்குச் சிக்னல் தரும் பல்வளையத்தைப் பாருங்கள். 60 பல்லில் 2 விட்டு 58 இருக்கும் வளையத்தில் ஒன்று வளைந்தாலும் இசியு கணக்குத் தப்பும். எக்ஸாஸ்ட் பக்கம் போகும் வயர் உருகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதை ஒட்டுப்போடும்போது இரண்டு வயர் சென்சாரில் வயர்கள் இடம் மாறிவிட்டால், சென்சார் நன்றாக இருந்தும் டைமிங் குழம்பும், சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.