கபிட்டித் தீவில் பொஸம் இல்லை

மெல்போர்னின் ட்ரெஷரி கார்டன்ஸ் பூங்காவில் பொஸம் என்ற, மரத்தில் வாழும் பைப்பாலூட்டி விலங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் தானாகவே மரத்திலிருந்து இறங்கி வரும். பூனை அளவு உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, புசுபுசுவென்று கறுத்த வால். பொந்துள்ள பழைய மரங்கள் குறைந்துவிட்டதால் வீட்டுக் கூரைக்குள்ளும் குடியேறிவிடுகிறது. இரவெல்லாம் தலைக்கு மேல் தடதடவென்று ஓடினாலும் வீட்டுக்காரர் தானாக அதைக் கொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. விக்டோரியா மாநிலத்தில் கூரையில் பிடித்த பொஸத்தை வெளியே விடுவதானால் பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே விட வேண்டும். எனக்குப் பிடித்த சட்டம் இது. அந்த மண் அதனுடையது.

டாஸ்மன் கடலைத் தாண்டி நியூசிலாந்தின் வெலிங்டன் வந்தால், வீட்டுத் தோட்டங்களில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பொறிப் பெட்டிகள். உள்ளே ஓர் ஆப்பிள் துண்டு. அதே பொஸத்தைக் கொல்வதற்காக.

வவ்வால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் நியூசிலாந்துக்குச் சொந்தமில்லை. ரோம வியாபாரத்துக்காக 1837-இல் பொஸத்தைக் கொண்டுவந்து விட்டார்கள், நிலைக்கவில்லை. 1858-இல் தெற்குக் கோடியில் ரிவர்ட்டன் பக்கம் மறுபடி விட்டது நிலைத்துவிட்டது. 1980-களில் 5 முதல் 7 கோடி வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மனிதர்கள் அப்போது 35 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் இலையிலேயே நஞ்சு உண்டு, ஓர் அளவுக்கு மேல் தின்ன முடியாது. டிங்கோ நாயும் மலைப்பாம்பும் காட்டுத்தீயும் எண்ணிக்கையை அடக்கி வைக்கின்றன. நியூசிலாந்துக் காட்டில் இவை ஒன்றும் இல்லை. ராட்டா மரத்துக்கு இப்படி ஒரு விலங்கைத் தெரியாது. தனக்குப் பிடித்த மரத்துக்கே பொஸம் இரவுக்கு இரவு திரும்பி வந்து தளிரை மொட்டையடித்தால், நூற்றாண்டுகள் நின்ற மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது. இலை மட்டும்தான் தின்னும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1993-இல் கோக்காக்கோ பறவையின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தின்பதைக் கேமரா பிடித்தது. மாடுகளுக்குக் காசநோய் பரப்புவது தனி.

அதனால்தான் ஹெலிகாப்டரிலிருந்து '1080' என்ற விஷ உருண்டைகளைத் தூவுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் சில செடிகளில் இதே நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது, அங்குள்ள பொஸங்கள் அதைப் பெருமளவு தாங்கும். காட்டுப்பாதை முகப்பில் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இதை எதிர்ப்பவர்கள் நியூசிலாந்திலேயே நிறையப் பேர். நாய் தின்றால் பிழைப்பது அரிது. ஆனாலும் கபிட்டித் தீவைப் பார்த்த பிறகு என்னால் அவர்கள் பக்கம் நிற்க முடியவில்லை.

வெலிங்டனுக்கு வடக்கே பராபராவுமு கடற்கரையிலிருந்து படகு. 1980-இல் தொடங்கி 1986-க்குள் இந்தத் தீவிலிருந்து பொஸத்தை முற்றிலும் ஒழித்தார்கள். பத்தாண்டு கழித்து எலிகளையும். இன்று 521 மீட்டர் உச்சி வரை காடு அடர்ந்து கிடக்கிறது, நடக்க நடக்கப் பறவைச் சத்தம். டீயெக்கே என்ற, முதுகில் செம்பழுப்புச் சேணம் போட்ட கறுப்புப் பறவை காலடியில் சருகைக் கிளறுகிறது. நியூசிலாந்தின் பெரிய தீவுகளின் காடுகளிலிருந்து ஒரு காலத்தில் அடியோடு அழிந்துபோன பறவை அது. பட்ட மரங்களையும் தழைத்த மரங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தவருக்கு வாதம் தேவைப்படாது. பொஸத்தின்மீது எனக்குக் கோபம் இல்லை. கப்பலில் ஏற்றியவர்கள் மனிதர்கள், விலையை அது கொடுக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். படகேறுமுன் பையைக் கொட்டிச் சோதிக்க வேண்டும், ஓர் எலியோ விதையோ ஒளிந்திருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பையின் ஜிப்பை நன்றாக மூடி வையுங்கள். அங்குள்ள காக்கா என்ற கிளிக்குத் திறக்கத் தெரியும்.