ஸ்பெக்ட்ரம் கேசட்டிலிருந்து டி.இசட்.எக்ஸ் கோப்பு வரை: ஸ்பீட்லாக் பூட்டுப் போட்ட ஒரு விளையாட்டை மீட்ட விவரம்

1982 ஏப்ரலில் பிரிட்டனில் வெளிவந்த இசட்.எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியோடு சேமிப்புச் சாதனம் என்று தனியாக எதுவும் வரவில்லை. வீட்டில் பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரே போதும். விளையாட்டுகள் பெரும்பாலும் கேசட்டில்தான் விற்றன. இன்று அந்தக் கேசட்டுகளுக்கு நாற்பது வயது. அவற்றில் இருப்பதை டி.இசட்.எக்ஸ் (கேசட்டின் ஒலித் துடிப்புகளின் நீளத்தையும் சேர்த்துப் பதியும் வடிவம்) கோப்பாக மாற்றும் வேலையில் தொண்ணூறு சதவீதம் கணினியில் இல்லை, டேப் டெக்கில்தான் இருக்கிறது. ஒலிப்பதிவு சரியாக அமைந்துவிட்டால் மீதி வேலை அரை மணி நேரம். அமையாவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

இங்கே எடுத்துக்கொண்டது எண்பதுகளின் நடுவில் வந்த 48 கே (48 கிலோபைட் நினைவகத்துக்கான) விளையாட்டு ஒன்று. முதல் பிளாக் (ஒரே தொடராக எழுதிய தரவுத் துண்டு) மட்டும் சாதாரண வேகம். அதற்கப்புறம் ஸ்பீட்லாக் என்ற வேக லோடர், அதாவது கேசட்டைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் நிரல். ஓஷன் போன்ற நிறுவனங்கள் நகலெடுப்பதைத் தடுக்க அதிகம் பயன்படுத்திய பூட்டு இது.

கேசட்டைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தேடல். ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளைத் தொகுத்து வைக்கும் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டிங் தளமும், 1995-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் தளமும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். பெயர் அங்கே இருந்தால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே விளையாட்டு முழு விலையில் ஒரு முறை, மலிவு விலையில் மறுபடி, தொகுப்பில் இன்னொரு முறை, ஸ்பெயினில் வேறு நிறுவனத்தின் பெயரில் என்று பல தடவை வந்திருக்கும். ஒவ்வொன்றிலும் லோடர் வேறாக இருக்கலாம். அட்டையின் முதுகில் உள்ள பட்டியல் எண், வெளியீட்டாளர் பெயர், கேசட்டின் நிறம், லேபிள் அச்சு, இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே "ஏற்கெனவே இருக்கிறது" என்று முடிவு செய்யலாம். அல்டிமேட், கோட்மாஸ்டர்ஸ் போன்ற நிறுவனங்களின் விளையாட்டுகளை வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் பொதுவில் தரவில்லை, உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவற்றை உங்கள் சொந்தக் கேசட்டிலிருந்து உங்கள் பயன்பாட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து கேசட்டைப் பார்ப்பது. வெளிச்சத்தில் பிடித்துச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்து ஓட்டும் கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு டேப்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய பஞ்சுத் திண்டைப் பாருங்கள். ஒட்டிய பசை காய்ந்து திண்டு விழுந்திருப்பது மிகச் சாதாரணம். திண்டு இல்லாவிட்டால் டேப் ஹெட்டோடு ஒட்டி ஓடாது, ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் திறந்து வேறு திண்டு வைக்கலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் மெல்லிய கத்தியால் ஓரத்தைப் பிரித்து, சுருள்களை ஸ்க்ரூ வகைக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். பழைய கூட்டைத் தூக்கி எறியாதீர்கள், லேபிள் அதில்தான் இருக்கிறது. கடைசியாக, பதிவு செய்வதற்கு முன் கேசட்டை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பல வருடம் அசையாமல் இருந்த சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; அதைத் தளர்த்தாமல் வாசித்தால் வேகம் தடுமாறும்.

டெக் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: அந்தக் காலத்து மோனோ ரெக்கார்டரே உத்தமம் என்று. நேரடியாகக் கணினியில் லோட் செய்ய அது சரி. பதிவு எடுக்க நல்ல ஸ்டீரியோ டெக்தான் வேண்டும். காரணம் கீழே வருகிறது. ஹெட்டையும் கேப்ஸ்டனையும் (டேப்பை இழுக்கும் உலோகத் தண்டு) ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, ரப்பர் உருளையைச் சோப்பு கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். டால்பி என்ற இரைச்சல் குறைப்புச் சுவிட்ச் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது உயர் அதிர்வெண்களைக் குறைத்துத் துடிப்புகளின் முனையை மழுங்கடித்துவிடும்.

ஸ்பெக்ட்ரம் எழுதும் ஒலியின் கணக்கு தெரிந்திருந்தால் எந்தப் பிழையையும் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். செயலி 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் கடிகாரத்தின் ஒரு சுற்றை டி-ஸ்டேட் என்பார்கள். பிளாக் தொடங்கும்போது கேட்கும் நீண்ட "பீ" என்ற ஒலி 2168 டி-ஸ்டேட் நீளமுள்ள துடிப்புகளால் ஆனது; இரண்டு துடிப்பு சேர்ந்தது ஓர் அலை, அதாவது சுமார் 807 ஹெர்ட்ஸ். பெயர், நீளம் போன்ற விவரம் உள்ள தலைப்புப் பிளாக்குக்கு முன் 8063 துடிப்பு, ஐந்து விநாடி. தரவுக்கு முன் 3223 துடிப்பு, இரண்டு விநாடி. பிறகு 667, 735 நீளத்தில் இரண்டு ஒத்திசைவுத் துடிப்புகள். அப்புறம் பிட்டுகள்: 0 என்றால் 855 டி-ஸ்டேட் துடிப்பு இரண்டு, 1 என்றால் 1710 டி-ஸ்டேட் துடிப்பு இரண்டு. ஸ்பீட்லாக் இதையே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் அனுப்புகிறது. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு அத்தனை முறை ஒலியை அளந்து பதிவு செய்தால், ஓர் அளவுக்கு (சாம்பிள்) 79 டி-ஸ்டேட் வருகிறது. சாதாரண 0 துடிப்புக்குப் பதினொரு சாம்பிள் கிடைக்கிறது, ஸ்பீட்லாக்கில் ஏழுதான். முனை ஒரு சாம்பிள் நகர்ந்தாலே ஏழில் ஒரு பங்கு பிழை. அதனால்தான் முதல் பிளாக் அழகாக வந்து, அடுத்தது குப்பையாகிறது.

முனைகள் நகர்வதற்கு முதல் காரணம் அசிமுத். ஹெட்டின் இடைவெளி டேப்புக்குச் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால் உயர் அதிர்வெண்கள் மங்கும். ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூவைத்தான் திருப்ப வேண்டும். திருப்பும் முன் அதன் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். "பீ" ஒலியைக் கேட்டுச் சரிசெய்வதில் பயனில்லை, 807 ஹெர்ட்ஸ் சாய்ந்த ஹெட்டிலும் நன்றாகவே கேட்கும். தரவு ஓடும் இடத்தில், அந்தக் கரகரப்பு மிகக் கூர்மையாகக் கேட்கும் வரை கால் சுற்றுக்கும் குறைவாக மெதுவாகத் திருப்புங்கள்.

காதால் செய்தது தோராயம். துல்லியத்துக்கு ஸ்டீரியோ டெக் கைகொடுக்கும். விளையாட்டுக் கேசட்டில் ஒரே ஒலிதான் இரு தடத்திலும் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இடது, வலது இரண்டையும் பதிந்து, பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு தடத்தின் முனைகளும் ஒரே சாம்பிளில் விழுந்தால் ஹெட் நேராக இருக்கிறது. இரண்டு மூன்று சாம்பிள் தள்ளி நின்றால் இன்னும் திருப்ப வேண்டும். இந்த ஒரு சோதனைக்காகவே ஸ்டீரியோ டெக் வாங்கலாம். சரிசெய்த பிறகு ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து மோனோ ஆக்கினால், மிச்சமிருக்கும் சிறு விலகல்கூட முனைகளை மழுங்கடிக்கும். எங்கள் கேசட்டில் வலது தடத்தின் ஓரம் சுருங்கியிருந்தது, இடது மட்டுமே பயன்பட்டது.

பதிவு 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில். கணினியின் தானியங்கி ஒலியளவு, இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம் எல்லாவற்றையும் அணையுங்கள். மைக் துளையில் செருகாமல் லைன்-இன் துளையில் செருகுங்கள். எம்பி3 கூடவே கூடாது. அலையின் நடுக்கோடு மேலும் கீழும் மெதுவாக நெளிந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினாலே பெரும்பாலும் போய்விடும். "பீ" ஒலியின் அதிர்வெண்ணையும் அளந்துகொள்ளுங்கள். 807-க்குப் பதில் 783 காட்டினால் டெக் மூன்று சதவீதம் மெதுவாக ஓடுகிறது, பெல்ட்டைக் கவனிக்க வேண்டும். கணினியின் ரோமிலேயே இருக்கும் சாதாரண வேக லோடர் (ரோம் லோடர்) இதைப் பொறுத்துக்கொள்ளும். வேக லோடர்கள் அவ்வளவு பொறுமை காட்டாது.

இரண்டு பக்கத்தையும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பதிந்தோம். இது வீண் வேலை அல்ல. சாதாரண வேகப் பிளாக் ஒவ்வொன்றின் கடைசி பைட் சரிபார்ப்பு பைட்; மற்ற எல்லாவற்றின் எக்ஸ்-ஆர் (பிட்டுக்கு பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 தரும் கணக்கு). ஒரு பிட் மாறினால் பிடித்துவிடும். ஆனால் இரண்டு பைட்டுகளில் ஒரே இடத்துப் பிட் மாறினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கு சரியாக வந்துவிடும். தனித்தனியாக எடுத்த இரண்டு பதிவுகள் பைட்டுக்கு பைட் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

மாற்றும் கட்டத்தில் எந்த வடிவம் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். டி.ஏ.பி கோப்பில் இரண்டு பைட் நீளம், அதன் பின் பிளாக், அவ்வளவுதான். துடிப்பின் நீளம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சாதாரண வேகக் கேசட்டுக்கு அது போதும். நினைவகத்தை அப்படியே படமெடுக்கும் எஸ்.என்.ஏ கோப்பு 27 பைட் தலைப்பும் 49,152 பைட்டும் சேர்ந்து 49,179 பைட். விளையாட அது வசதிதான். ஆனால் லோடிங் திரை, லோடர், பூட்டு எல்லாம் அதில் போய்விடும். போதாக்குறைக்கு, நிரல் நின்ற முகவரியை ஸ்டாக்கில் எழுதி வைப்பதால் விளையாட்டின் இரண்டு பைட்டுகளை அழிக்கவும் வாய்ப்புண்டு. கேசட்டைக் காப்பது நோக்கம் என்றால் துடிப்பு நீளங்களையும் பதியும் டி.இசட்.எக்ஸ் போன்ற வடிவம்தான் வேண்டும்.

சாதாரணப் பிளாக்குகளுக்கு, இன்றைய கணினியில் ஸ்பெக்ட்ரம் போலவே இயங்கும் ஃப்யூஸ் எமுலேட்டரோடு கிடைக்கும் கருவித் தொகுப்பில் உள்ள ஆடியோ2டேப் போதும். அது ஸ்பீட்லாக்கில் திணறியது. அங்கே ராம்சாஃப்ட்டின் மேக்-டி.இசட்.எக்ஸ் உதவியது, ஸ்பீட்லாக், அல்காட்ராஸ் போன்ற லோடர்களின் துடிப்பு நீளங்களை அது அறியும். பழைய நிரல், அதன் டாஸ் பதிப்பை டாஸ்பாக்ஸில் ஓட்டலாம். கிடைத்த கோப்பை டி.இசட்.எக்ஸ்-லிஸ்ட் கொண்டு பிரித்துப் பாருங்கள். 10 எண்ணுள்ளவை சாதாரணப் பிளாக். 11 வேகப் பிளாக். 12 தொடர் ஒலி, 13 தனித்தனித் துடிப்புகள், 14 ஒலி முகப்பில்லாத தரவு. ஸ்பீட்லாக்கின் "டக் டக்" என்று வெட்டி வெட்டிக் கேட்கும் முகப்பு 12, 13 மாறி மாறி வருவதாகவும், அதன்பின் 14 ஆகவும் தெரிய வேண்டும். 15 என்று ஏதாவது வந்திருந்தால் கருவிக்குப் புரியவில்லை, ஒலியை அப்படியே அடைத்துவிட்டது என்று பொருள். ஓடலாம், ஆனால் சுத்தமான மாற்றம் அல்ல. கடைசி பைட்டில் எத்தனை பிட் பயன்படுகிறது என்ற எண்ணையும் பாருங்கள். சில லோடர்கள் எட்டுக்குக் குறைவாக அனுப்பும். அதை எட்டாக்கிவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் கடைசியில் நின்றுவிடும்.

எங்கள் பதிவில் தரவுப் பிளாக்கின் நடுவே ஓரிடம் கோளாறு. அலையைப் பெரிதாக்கியதும் காரணம் தெரிந்தது: நான்கைந்து துடிப்புகள் நடுக்கோட்டை எட்டாமலே திரும்பியிருந்தன. டேப்பின் காந்தப் பூச்சு அங்கே உதிர்ந்திருக்கிறது. அலையைக் கையால் வரைந்து சரிசெய்ய ஆடாசிட்டியில் முடியும். ஆனால் ஊகித்து வரைவது கேசட்டைக் காப்பது ஆகாது. மறுபக்கத்தில் அதே நிரல் இருந்ததால் அந்தப் பிளாக்கை அங்கிருந்து எடுத்தோம். எல்லாக் கேசட்டிலும் இரு பக்கமும் ஒன்றல்ல. சிலவற்றில் ஒரு பக்கம் 48 கே, மறுபக்கம் 128 கே. அப்படியானால் அதே வெளியீட்டின் இன்னொரு பிரதியைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

சோதிக்கும்போது ஃப்யூஸில் வேக லோடிங், டேப் ட்ராப் (ரோம் லோடரை இடைமறித்து உடனே ஏற்றுவது), லோடர் கண்டறிதல் மூன்றையும் அணைத்துவிட்டு நிஜ வேகத்தில் ஓட்டுங்கள். அணைக்காவிட்டால் எமுலேட்டர் குறுக்கு வழியில் போய்ப் பிழைகளை மறைத்துவிடும். 48 கே முழுவதும் சாதாரண வேகத்தில் ஏற ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், லோடிங் திரையில் வரும் படம் மட்டும் 6912 பைட், நாற்பது விநாடி. பொறுத்திருந்து பார்ப்பதே சோதனை. விளையாட்டு ஏறியும் விசை வேலை செய்யாவிட்டால் உடனே மாற்றத்தைக் குறை சொல்ல வேண்டாம். தொடக்க கால விளையாட்டுகள் சில, இஷ்யூ 2 என்ற ஆரம்பகால ஸ்பெக்ட்ரம் போர்டின் விசைப்பலகை தரும் மதிப்பை எதிர்பார்க்கின்றன. எமுலேட்டரில் அந்த வசதியைப் போட்டுப் பாருங்கள். அதேபோல் ஆர்க்கனாய்டு போன்ற சில 48 கே விளையாட்டுகள் பிற்காலத்து ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2ஏ, பிளஸ் 3 கணினிகளில் ஓடாமல் நிற்பது வன்பொருள் வேறுபாட்டால்.

நிஜக் கணினிக்கு டேப்2வேவ் மூலம் மறுபடி ஒலியாக்கி, லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து மோனோ கம்பியால் இயர் துளைக்கு இணைத்தோம். ஒலியளவு முழுதாக வேண்டும், ஈக்குவலைசர் எதுவும் கூடாது. கைபேசியின் ஒலி பல நேரம் போதாது. முதல் பிளாக்கில் ஓரத்தில் சிவப்பு-நீலப்பச்சைப் பட்டைகள் சீராக வந்து, பிறகு நீலம்-மஞ்சளாக மாறினால் வாசிக்கிறது. பட்டையே வராவிட்டால் ஒலி குறைவு. வந்தும் "ஆர் டேப் லோடிங் எரர்" என்றால் ஒலியளவைச் சற்றுக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மெமரி கார்டிலிருந்து கோப்பை ஏற்றும் டிவ்எம்எம்சி அட்டையில் டி.ஏ.பி உடனே ஏறும், ஆனால் அது ரோம் லோடரை இடைமறித்துச் செய்யும் வேலை. ஸ்பீட்லாக் ரோமைக் கூப்பிடுவதே இல்லை. அதற்கு டி.இசட்.எக்ஸ்-டுயினோ போல ஒலியாக வாசித்துக் காட்டும் கருவி வேண்டும்.

கோப்போடு அட்டையையும் 600 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், உட்பக்கம் உட்பட. 1984-இல் வந்த ஜெட் செட் வில்லி, அட்டையில் அச்சிட்ட வண்ணக் குறியீட்டைக் கேட்டுத்தான் உள்ளே விடும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அந்த அட்டை இருந்தும் பயனில்லை. எலைட் விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் பதிப்பில் வந்த லென்ஸ்லாக் என்ற பூட்டு இன்னும் சிக்கல்: திரையில் சிதறித் தெரியும் எழுத்துகளைப் படிக்க ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். அந்த லென்ஸைக் கேசட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். முதல் ஒலிப்பதிவையும் அழிக்காமல், தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் சுருக்கிக் கோப்போடு சேர்த்து வையுங்கள், கோப்பின் பெயரில் எந்தப் பக்கம், எந்தப் பதிவு என்ற எண்ணோடு.