நிறுத்தின பிறகும் வேலை செய்யும் மாத்திரை

அப்பா இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரையை நிறுத்தி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. தைராய்டு ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றியிருந்தார். அமியோடரோன் உடம்பில் இருந்தால் தோல் வெயில் தாங்காது. "அதான் நிறுத்தியாச்சே, இனி வெயில் என்ன செய்யும் மக்கா?" என்று குளச்சல் கடற்கரையில் அரை நாள் உட்கார்ந்து வலை பொத்தினார். சாயங்காலம் பார்த்தால் நெற்றி, காது, கையெல்லாம் தீயில் வாட்டின மாதிரி. அறுபது வருடமாக அதே வெயிலில் கிடந்த உடம்பு.

அமியோடரோன் கொழுப்பில் கரைகிற சாதி. ரத்தத்தோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சிறுநீரில் போய்விடாது. கொழுப்பு, ஈரல், நுரையீரல், தோல் என்று குடியேறிவிடும். ஆரம்பத்தில் சில வாரம் அதிக அளவு கொடுத்து உடம்பை நிரப்பிவிட்டு, அப்புறம் தினம் 200 மில்லிகிராம் என்று குறைப்பது இதனால்தான். வெளியேறுவதும் அதே சோம்பலோடுதான், பாதி குறையவே சராசரியாக 58 நாள், சிலருக்கு நூறையும் தாண்டும்.

தைராய்டு கதையும் அந்த மாத்திரைக்குள்ளேதான் இருந்திருக்கிறது. 200 மில்லிகிராமில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின், அதிலிருந்து தினம் 6 மில்லிகிராம் போலப் பிரிந்து ரத்தத்தில் கலக்கும். தைராய்டுக்காக உடம்பு கேட்பதோ வெறும் 0.15 மில்லிகிராம். இது தெரியாமல், அயோடின் மீனிலிருந்துதான் வருகிறது என்று அதைக் குறைக்கச் சொல்லி அவரோடு சண்டை போட்டவன் நான்.

மார்த்தாண்டத்துச் சித்திக்கு இதற்கு நேர் எதிர். திடீரென்று நெஞ்சு தறிகெட்டு அடித்தபோது அடினோசின் ஊசி போட்டார்கள். ரத்த அணுக்களே அதை விழுங்கிவிடுவதால் பத்து நொடிக்குள் பாதி காலி, ஆகவே ஊசிக்குப் பின்னாலேயே சலைனை வேகமாகத் தள்ளவேண்டும், இல்லையென்றால் இதயத்துக்குப் போய்ச் சேரும் முன்பே தீர்ந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் மேலறையிலிருந்து கீழறைக்கு ஓடும் மின்சாரத்தைச் சில நொடி மறிக்கும், சுழன்றுகொண்டிருந்த தாளம் அறுந்து பழைய துடிப்புக்குத் திரும்பும். "உயிரு போயிட்டு வந்துது" என்பாள் சித்தி.

அப்பாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் உண்டு. அதை ஈரலில் உடைக்கும் நொதியை அமியோடரோன் தடுப்பதால் முன்பு அளவைக் குறைத்திருந்தார்கள். இப்போது அமியோடரோன் மெல்ல வடிய வடிய வார்ஃபரினை மறுபடி ஏற்றவேண்டி வரும், எப்போது எவ்வளவு என்று ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்த்துப் பார்த்துத்தான். ஆக, இன்னும் சில மாதம் ரத்தப் பரிசோதனை ஓயாது.

அவர் வலையைத் தூக்கிக்கொண்டு ஓலைப் பந்தலுக்குள் போய்விட்டார். தினமும் ஒரே கேள்வி: "அது இன்னும் எறங்கலியா மக்கா?"